புதுச் சட்டம் வந்தால் ஒப்பந்தத்தில் என்ன செய்வது? புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பர்ச்சேஸிலோ சட்டப் பிரிவிலோ கம்ப்ளையன்ஸிலோ இப்போதுதான் சேர்ந்திருக்கிறீர்கள், அல்லது பெரிய நிறுவனம் ஒன்றுக்குப் பொருளோ சேவையோ கொடுக்கும் சின்ன நிறுவனம் நடத்துகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாள் ஒரு மெயில் வரும். "இணைத்துள்ள அனெக்ஷரில் கையெழுத்திட்டு வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பவும்" என்று ஒரே வரி, கூடவே பதினாலு பக்க பிடிஎஃப். விலையைப் பற்றியோ டெலிவரியைப் பற்றியோ அதில் ஒரு வார்த்தையும் இருக்காது. தரவுப் பாதுகாப்பு, லஞ்ச ஒழிப்பு, கட்டாய உழைப்பு, ஏற்றுமதித் தடை, கார்பன் கணக்கு என்று ஏதாவது ஒன்று இருக்கும். இது எங்கிருந்து வருகிறது, எப்படிப் படிப்பது, இதே மாதிரி ஒன்றை நாமே எழுத வேண்டி வந்தால் எப்படி எழுதுவது, இதைத்தான் கீழே சொல்லப் போகிறேன்.

தொழில் சம்பந்தமான சட்டங்கள் பெரும்பாலும் யாராவது ஒருவரின் வாசலில்தான் வந்து நிற்கும். இறக்குமதியாளர், வங்கி, பிராண்டுக்குச் சொந்தக்காரர், வாடிக்கையாளர் தரவை வைத்திருப்பவர், இப்படி. ஆனால் அந்தச் சட்டம் எதை நினைத்துக் கவலைப்படுகிறதோ அந்தக் காரியம் நடப்பது வேறெங்கோ, மூன்றாவது நான்காவது சப்ளையரின் ஷெட்டில், பல நேரம் வேறொரு நாட்டில். அங்கே அந்த அரசின் இன்ஸ்பெக்டர் போய்க் கதவைத் தட்ட முடியாது. ஒப்பந்தம் போகும். அதனால்தான் சட்டம் ஒன்று வந்ததும் நிறுவனங்கள் முதலில் கை வைப்பது ஒப்பந்தத்தில்.

ஒன்றை இப்போதே மனதில் போட்டுக்கொள்ளுங்கள், மற்றதெல்லாம் இதிலிருந்துதான் கிளம்புகிறது. ஒப்பந்தம் போட்டு வேலையை அடுத்தவரிடம் கொடுக்கலாம், பண நஷ்டத்தையும் ஓரளவு அடுத்தவர் தலையில் வைக்கலாம். ரெகுலேட்டருக்கு, அதாவது சட்டத்தை அமல்படுத்தும் அரசு அமைப்புக்கு, பதில் சொல்லும் பொறுப்பை மட்டும் கைமாற்ற முடியாது. இந்தியாவின் 1970 ஆம் ஆண்டு ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் இதை அப்போதே பச்சையாக எழுதி வைத்தது: கான்ட்ராக்டர் கூலி தரவில்லை என்றால் வேலையைக் கான்ட்ராக்ட் விட்ட முதன்மை முதலாளி கொடுக்க வேண்டும், கொடுத்துவிட்டு அதைக் கான்ட்ராக்டருக்குத் தர வேண்டிய பணத்தில் பிடித்துக்கொள்ளலாம். அதாவது தொழிலாளிக்கு யார் பொறுப்பு என்பதைச் சட்டம் முடிவு செய்துவிட்டது, உங்கள் இருவருக்குள் யார் யாருக்குத் தர வேண்டும் என்பது மட்டும் உங்கள் பாடு. எத்தனையோ ஒப்பந்தங்கள் இந்த வித்தியாசம் புரியாமலே எழுதப்படுகின்றன.

படி 1: எந்தச் சட்டம், யார் கழுத்தில்?

அனெக்ஷரை முதல் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பிக்காதீர்கள். முதலில் இதன் பின்னால் எந்தச் சட்டம் இருக்கிறது என்று கண்டுபிடியுங்கள். தெரியவில்லை என்றால் அனுப்பியவரிடமே கேளுங்கள், கேட்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை, அவருக்கே தெரியாமல் இருப்பதும் சகஜம். சட்டம் தெரிந்துவிட்டால் அது மூன்றில் எந்த வகை என்று பாருங்கள்.

முதல் வகை, ஒப்பந்தம் போட வேண்டும் என்று சட்டமே சொல்வது. ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்பு விதிமுறையான ஜிடிபிஆர் 2018 மே 25 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 28 ஆவது பிரிவுப்படி, உங்கள் சார்பாக வேறொருவர் தனிநபர் தரவைக் கையாண்டால் அவரோடு எழுத்து ஒப்பந்தம் இருந்தே ஆக வேண்டும், அதில் என்னென்ன இருக்க வேண்டும் என்றும் பட்டியலே இருக்கிறது: எழுத்தில் தரும் அறிவுறுத்தலின்படி மட்டுமே கையாளுதல், ரகசியம் காத்தல், பாதுகாப்பு ஏற்பாடு, அவர் தனக்குக் கீழே துணை வெண்டாரை அமர்த்த முன் அனுமதி, வேலை முடிந்ததும் தரவை அழித்தல் அல்லது திருப்பித் தருதல், ஆடிட்டுக்கு இடம் கொடுத்தல். இந்தியாவின் 2023 ஆம் ஆண்டு தரவுப் பாதுகாப்புச் சட்டமும் செல்லத்தக்க ஒப்பந்தம் இல்லாமல் தரவைக் கையாள வெளியாளை அமர்த்தக் கூடாது என்கிறது. ஐரோப்பிய நிதி நிறுவனங்களுக்கு 2025 ஜனவரி 17 முதல் டோரா என்ற விதிமுறை பொருந்துகிறது, அதன் 30 ஆவது பிரிவு ஐடி சேவை ஒப்பந்தங்களில் இருக்க வேண்டிய ஷரத்துகளை வரிசையாகச் சொல்கிறது. ரஷ்யா மீதான ஐரோப்பியத் தடைகளில் இன்னும் நேரடியான ஒன்று உண்டு. 2024 மார்ச் 20 முதல், குறிப்பிட்ட சில பொருட்களை ஏற்றுமதி செய்யும் ஐரோப்பிய நிறுவனம், பங்காளி நாடுகள் என்று பட்டியலிட்டவை நீங்கலாக மற்ற நாட்டு வாடிக்கையாளரோடு போடும் ஒப்பந்தத்தில், "இதை ரஷ்யாவுக்கு மறுஏற்றுமதி செய்ய மாட்டேன்" என்ற தடையை எழுதியாக வேண்டும். இந்த வகை ஷரத்துகளில் பேரம் பேசி நேரத்தை வீணாக்க வேண்டாம். எதிர்த்தரப்பு விட்டுக்கொடுக்க முடியாது.

இரண்டாவது வகையில் சட்டம் ஒப்பந்தத்தைப் பற்றி வாயே திறக்காது, ஆனால் நீங்கள் கவனமாக இருந்தீர்களா என்று கேட்கும். பிரிட்டனின் 2010 ஆம் ஆண்டு லஞ்சத் தடுப்புச் சட்டத்தின் 7 ஆவது பிரிவின்படி, நிறுவனத்துக்காக வேலை செய்யும் ஏஜென்ட் அந்த நிறுவனத்தின் லாபத்துக்காக லஞ்சம் கொடுத்தால், தடுக்கத் தவறிய குற்றம் நிறுவனத்தின் மேல் வரும். தப்பிக்க ஒரே வழி, தடுப்பதற்குப் போதுமான நடைமுறைகள் இருந்தன என்று காட்டுவது. ஏஜென்டோடு போட்ட ஒப்பந்தத்தில் இருக்கும் லஞ்சத் தடை ஷரத்து அப்படிக் காட்டும் ஆதாரங்களில் ஒன்று. ஒன்றுதான், முழு ஆதாரம் அல்ல.

மூன்றாவது, தகவல் கேட்கும் சட்டங்கள். அமெரிக்காவில் 2010 இல் வந்த டாட் ஃபிராங்க் சட்டத்தின் 1502 ஆவது பிரிவு, தகரம், டான்டலம், டங்ஸ்டன், தங்கம் ஆகியவை காங்கோ ஜனநாயகக் குடியரசிலிருந்தோ அதன் அண்டை நாடுகளிலிருந்தோ வந்தனவா என்று பங்குச் சந்தை நிறுவனங்களைச் சொல்ல வைத்தது. ஒரு போன் தயாரிப்பாளருக்கு அது எப்படித் தெரியும்? சப்ளையரைக் கேட்பார், அவர் தன் சப்ளையரைக் கேட்பார், உருக்காலை வரை கேள்வி போகும். ஐரோப்பாவின் கார்பன் எல்லை வரியும் அப்படித்தான். 2023 அக்டோபரில் வெறும் அறிக்கையாக ஆரம்பித்து 2026 ஜனவரி முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. இரும்பு, அலுமினியம், சிமென்ட், உரம் போன்றவற்றை இறக்குமதி செய்பவர் அதன் உற்பத்தியில் எவ்வளவு கரியமில வாயு வெளியானது என்று சொல்ல வேண்டும், அந்தக் கணக்கு இருப்பதோ வேறொரு நாட்டு ஆலையில். அமெரிக்காவின் உய்குர் கட்டாய உழைப்புத் தடுப்புச் சட்டம் 2022 ஜூனிலிருந்து இன்னும் கடுமையாகப் பிடிக்கிறது: ஷின்ஜியாங் பகுதியில் முழுதாகவோ கொஞ்சமோ தயாரான பொருள் என்றால் கட்டாய உழைப்பில் ஆனது என்றே எடுத்துக்கொள்வார்கள், இல்லை என்று இறக்குமதியாளர்தான் நிரூபிக்க வேண்டும். அதனால்தான் ஒரு சட்டைக்கான பர்ச்சேஸ் ஆர்டரில் பஞ்சு எந்த ஊரில் விளைந்தது என்பதற்குக் காகிதம் கேட்கிறார்கள்.

படி 2: ஒவ்வொரு ஷரத்தும் என்ன வேலை செய்கிறது என்று ஓரத்தில் குறியுங்கள்

இது சுலபம். பென்சிலை எடுத்து ஒவ்வொரு ஷரத்தின் பக்கத்திலும் ஒரு சொல் எழுதுங்கள்: "செய்", "சொல்", "காட்டு", "கொடு", "போ". ஒரு வேலையைச் செய்யச் சொல்கிறதா, தகவல் கேட்கிறதா, ஆடிட்டுக்குக் கதவைத் திறக்கச் சொல்கிறதா, பணம் கேட்கிறதா, ஒப்பந்தத்தை முறிக்க வழி தருகிறதா. பதினாலு பக்கமும் இந்த ஐந்துக்குள் அடங்கிவிடும். எதிலும் அடங்காத ஷரத்து இருந்தால் அது பெரும்பாலும் அலங்காரம், விட்டுவிடலாம்.

படி 3: "எல்லாச் சட்டங்களையும் கடைப்பிடிப்பேன்" என்பதை உடையுங்கள்

"சப்ளையர் பொருந்தக்கூடிய அனைத்துச் சட்டங்களையும் விதிகளையும் எப்போதும் முழுமையாகக் கடைப்பிடிப்பார்." இந்த வரியைப் பார்க்காத ஒப்பந்தமே இருக்காது. எழுதியவருக்குத் திருப்தி, கையெழுத்துப் போட்டவருக்கும் கவலை இல்லை, இதனால் எதுவும் நடப்பதும் இல்லை. யார், எதை, எப்போது, யாரிடம், எந்த ஆதாரத்தோடு என்று ஒன்றுமே இதில் கிடையாது. நாளைக்குப் பிரச்சினை வந்தால் அடித்துக்கொள்ள உதவுமே தவிர, பிரச்சினை வராமல் தடுக்காது.

தரவுக் கசிவை எடுத்துக்கொள்வோம். ஜிடிபிஆர் 33 ஆவது பிரிவுப்படி, கசிவு தெரிந்த 72 மணி நேரத்துக்குள் தரவுக்குப் பொறுப்பான நிறுவனம் ரெகுலேட்டரிடம் சொல்ல வேண்டும், பாதிப்புக்கு வாய்ப்பே இல்லாத சிறு கசிவு என்றால்தான் விலக்கு. வெண்டாருக்குச் சட்டம் மணிக்கணக்கு எதுவும் வைக்கவில்லை, தேவையற்ற தாமதமின்றி அந்த நிறுவனத்திடம் சொல் என்று மட்டும் சொல்கிறது. "தாமதமின்றி" என்பது திங்கட்கிழமை காலையா, சனிக்கிழமை ராத்திரியா? சண்டை இங்கேதான் ஆரம்பிக்கும். அதனால் கீழே உள்ள மாதிரி எழுதலாம்:

"வாங்குபவரின் தனிநபர் தரவு கசிந்தது என்று தெரிந்தாலோ, கசிந்திருக்கலாம் என்று நம்ப நியாயமான காரணம் இருந்தாலோ, தெரிந்த நேரத்திலிருந்து 24 மணி நேரத்துக்குள், விடுமுறை நாளாக இருந்தாலும், சப்ளையர் இணைப்பு 2 இல் உள்ள தொலைபேசி எண்ணுக்கும் மெயிலுக்கும் தகவல் தருவார். எந்த வகைத் தரவு, ஏறத்தாழ எத்தனை பேருடையது, இதுவரை என்ன செய்யப்பட்டது ஆகிய மூன்றும் அதில் இருக்கும். முழு விவரம் கிடைக்கவில்லை என்பதற்காகத் தகவலைத் தள்ளிப்போடக் கூடாது, மீதியைப் பிறகு தரலாம்."

வித்தியாசம் தெரிகிறதா? "கசிந்திருக்கலாம்" என்ற சொல் இல்லாவிட்டால் சப்ளையர் ஆராய்ச்சி முடியும்வரை காத்திருப்பார். "விடுமுறை நாளாக இருந்தாலும்" என்பது இல்லாவிட்டால் நீண்ட விடுமுறையில் நடந்த கசிவு நான்காவது நாள்தான் உங்கள் காதுக்கு வரும். இணைப்பு 2 இல் ஒரு ஆளின் பெயருக்குப் பதில் பொதுவான எண்ணும் முகவரியும் இருக்கட்டும், ஆட்கள் வேலையை விட்டுப் போய்விடுவார்கள். சட்டமே பகுதி பகுதியாகத் தகவல் தர அனுமதிக்கிறது, அதை ஒப்பந்தத்திலும் சொல்லிவிட்டால் எதிர்த்தரப்புக்குப் பயம் குறையும், சீக்கிரம் போன் வரும்.

லஞ்சம், ஏற்றுமதித் தடை, வேலை நேரம் எதுவானாலும் இதே கேள்விகளைப் போட்டு உடையுங்கள். உடைக்க முடியாத ஷரத்து என்றால் எழுதியவருக்கே என்ன வேண்டும் என்று தெரியவில்லை என்று அர்த்தம்.

படி 4: பணம் பேசும் இடம்

இன்டெம்னிட்டி என்ற தலைப்பில் ஒரு பத்தி இருக்கும். "சப்ளையர் தவறால் வாங்குபவருக்கு வரும் எல்லா நஷ்டத்தையும் அபராதத்தையும் சப்ளையர் ஈடு செய்வார்" என்று. இதில் பாதி காகிதப்புலி. ஜிடிபிஆரின் அதிகபட்ச அபராதம் 2 கோடி யூரோ அல்லது உலகளாவிய ஆண்டு வருமானத்தில் 4 சதவீதம், எது அதிகமோ அது. ஒரு பெரிய நிறுவனத்தின் உலக வருமானத்தில் 4 சதவீதத்தைப் பத்துப் பேர் வேலை செய்யும் சாஃப்ட்வேர் கடை எங்கிருந்து கொண்டுவரும்? திவாலாகும், அவ்வளவுதான். போதாக்குறைக்குச் சில நாடுகளில் நீதிமன்றங்கள் குற்ற அபராதத்தை இன்னொருவரிடம் வசூலிக்கும் ஷரத்தைப் பொதுநலனுக்கு விரோதம் என்று தள்ளிவிடவும் செய்யும்.

வாங்குபவராக இருந்தால் அபராதத்தை மட்டும் நம்பாமல், நிஜமாகக் கையைக் கடிக்கும் செலவுகளைப் பெயர் சொல்லி எழுதுங்கள்: பாதிக்கப்பட்டவர்களுக்குத் தகவல் அனுப்பும் செலவு, தடயவியல் ஆய்வு, பொருளைத் திரும்பப் பெறும் செலவு, வக்கீல் பீஸ். அதற்கு ஒரு உச்சவரம்பு, அந்த வரம்புக்கு ஏற்ற காப்பீடு, காப்பீட்டுச் சான்றிதழ் ஆண்டுக்கு ஒரு முறை. சப்ளையராக இருந்தால் உச்சவரம்பில்லாத இன்டெம்னிட்டியைப் பார்த்ததும் பேனாவைக் கீழே வையுங்கள்.

படி 5: நாளை சட்டம் மாறினால்?

புதிதாக வருபவர்கள் அதிகம் கோட்டைவிடுவது இங்கேதான். கொஞ்சம் நின்று பார்ப்போம்.

இந்தோனேசியாவில் 2010 இல் வந்த ஒரு விதிமுறை, நிலக்கரியைச் சந்தை விலைக்கு இணையாகத்தான் ஏற்றுமதி செய்ய வேண்டும் என்றது. அங்கிருந்து மலிவான கரி வரும் என்று நம்பி இந்தியாவில் மின்சாரம் விற்க நீண்டகால ஒப்பந்தம் போட்டிருந்த நிறுவனங்களுக்குச் செலவு எகிறியது. ஒப்பந்தத்தில் "சட்ட மாற்றம்" ஷரத்தும் இருந்தது, "தடுக்க முடியாத நிகழ்வு" ஷரத்தும் இருந்தது. இரண்டையும் பிடித்துக்கொண்டு விலையைக் கூட்டக் கேட்டார்கள். எனர்ஜி வாட்ச்டாக் வழக்கு என்று அறியப்படும் அதில் 2017 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது: அந்த ஒப்பந்தத்தில் சட்டம் என்றால் இந்தியச் சட்டம், இந்தோனேசிய விதி மாறியது அதில் வராது, விலை ஏறியதால் மட்டும் ஒப்பந்தம் நிறைவேற்ற முடியாததாகிவிடாது. அதே தீர்ப்பில், உள்நாட்டு நிலக்கரி ஒதுக்கீட்டுக் கொள்கை மாறியது சட்ட மாற்றமாக ஏற்கப்பட்டது. ஒரே தீர்ப்பு, எந்த நாட்டு விதி என்பதை வைத்து இரண்டு விதமான விடை.

ஆகவே சட்ட மாற்றம் ஷரத்தை எழுதும்போது, எந்தெந்த நாட்டுச் சட்டம் என்று பெயர் சொல்லுங்கள். வரி, சுங்கம், அரசுச் சுற்றறிக்கை, நீதிமன்றத் தீர்ப்பு இதெல்லாம் சட்டத்தில் சேர்த்தியா என்று எழுதுங்கள். எந்தத் தேதிக்குப் பிறகு வந்தது மாற்றம் என்று ஒரு அடிப்படைத் தேதி வேண்டும், ஏற்கெனவே நிறைவேறி இன்னும் நடைமுறைக்கு வராத சட்டம் மாற்றமா இல்லையா என்பதும் அதில் அடங்கும். கூடுதல் செலவு எந்த அளவு வரை ஒருவருக்கு, அதற்கு மேல் எப்படிப் பங்கு என்பதும், ஒத்துப்போகாவிட்டால் எத்தனை நாளில் யார் விலகலாம் என்பதும் வேண்டும்.

2025 இல் அமெரிக்கா இறக்குமதி வரிகளை அடுத்தடுத்து உயர்த்தியபோது உலகம் முழுக்க இதே கேள்விதான் ஓடியது, கூடின வரி யார் தலையில்? விற்பவர், வாங்குபவர் செலவுகளைப் பிரிக்கும் சர்வதேச வணிகச் சொற்களான இன்கோடெர்ம்ஸில் டிடிபி (வரி கட்டி டெலிவரி) என்று போட்டிருந்தால் இறக்குமதி வரி விற்பவர் பாடு, மற்ற எல்லாவற்றிலும் வாங்குபவர் பாடு. அந்த மூன்றெழுத்தைப் பழக்கதோஷத்தில் போட்டவர்கள் இருக்கிறார்கள்.

படி 6: சங்கிலியின் அடுத்த கண்ணி

உங்கள் மேல் வந்த கடமையை உங்களுக்குக் கீழே இருப்பவருக்கும் கொடுக்க வேண்டியிருக்கும். ஜிடிபிஆர் 28(4) அப்படியே சொல்கிறது: துணை வெண்டாரின் மேலும் அதே கடமைகளைப் போடு, அவர் தவறினால் வாங்குபவருக்கு முழுப் பொறுப்பும் உன்னுடையது. அமெரிக்க அரசு கான்ட்ராக்ட்களிலும் பல ஷரத்துகளைத் துணை ஒப்பந்தங்களில் சேர்த்தே தீர வேண்டும்.

இதை காப்பி-பேஸ்ட் செய்துவிட்டால் போதும் என்று நினைக்கிறார்கள், போதாது. மேலே நீங்கள் 24 மணி நேரம் ஒப்புக்கொண்டிருந்தால் கீழே 12 மணி நேரமாவது எழுதுங்கள், இல்லாவிட்டால் கீழே இருந்து தகவல் வந்து நீங்கள் மெயில் டைப் செய்ய உட்காரும்போது உங்கள் வாடிக்கையாளர் கொதித்துக்கொண்டிருப்பார். காப்பீட்டுத் தொகை, ஆவணம் வைத்திருக்கும் காலம், ஆடிட் உரிமை எல்லாவற்றையும் இப்படி ஒத்துப் பாருங்கள்.

அதற்கு நேர்மாறாக, ஒரு எழுத்தைக் கூட மாற்றக் கூடாத ஷரத்துகளும் உண்டு. தரவை ஐரோப்பாவுக்கு வெளியே அனுப்பப் பயன்படும் நிலையான ஒப்பந்த ஷரத்துகள் அந்த ரகம். அமெரிக்காவுக்குத் தரவு போக வழி செய்த பிரைவசி ஷீல்டு ஏற்பாட்டை 2020 ஜூலையில் ஐரோப்பிய நீதிமன்றம் ரத்து செய்ததும் எல்லோரும் இந்த ஷரத்துகளைப் பிடித்துக்கொண்டார்கள். 2021 ஜூனில் புதிய வடிவம் வந்தது, பழையதை வைத்திருந்தவர்கள் 2022 டிசம்பர் 27 க்குள் மாற்ற வேண்டியிருந்தது. அந்த வாசகத்தில் கை வைக்காமல் இணைப்புகளை மட்டும் நிரப்புங்கள். உங்கள் மூல ஒப்பந்தம் அதோடு முரண்பட்டால் அந்த ஷரத்துகள்தான் ஜெயிக்கும்.

படி 7: ஆடிட் உரிமையா, ஆடிட் கடமையா?

"வாங்குபவர் ஆய்வு செய்யலாம்" என்பதற்கும் "வாங்குபவர் ஆய்வு செய்வார்" என்பதற்கும் நடுவில் ஒரு பெரிய வழக்கே இருக்கிறது. வால்மார்ட்டுக்குப் பொருள் தயாரித்த பல நாட்டு ஆலைகளின் தொழிலாளர்கள், சப்ளையர் ஒப்பந்தத்தில் இருந்த நடத்தை விதிகளைக் காட்டி வால்மார்ட் மேல் அமெரிக்காவில் வழக்குப் போட்டார்கள். 2009 இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. ஆய்வு செய்யும் உரிமையை வால்மார்ட் வைத்துக்கொண்டதே தவிர, செய்வதாக வாக்குக் கொடுக்கவில்லை என்பது முக்கியக் காரணம். பெரிய நிறுவனங்களின் வக்கீல்கள் "செய்யலாம்" என்ற சொல்லை ஏன் இவ்வளவு விரும்புகிறார்கள் என்று இப்போது புரியும்.

இதற்கு எதிர்ப்பக்கத்தில் நிற்பது வங்கதேச அக்கார்டு. 2013 ஏப்ரல் 24 அன்று ரானா பிளாசா கட்டடம் இடிந்து 1,100 க்கும் மேற்பட்டவர்கள் இறந்தபின், ஆடை பிராண்டுகளும் உலகத் தொழிற்சங்கக் கூட்டமைப்புகளும் போட்ட ஒப்பந்தம் அது. சட்டப்படி கட்டுப்படுத்தும், தகராறு வந்தால் நடுவர் மன்றம் போகலாம், ஆலையைச் சரிசெய்யும் செலவுக்கு வழி இருக்கும்படி பார்த்துக்கொள்ளும் பொறுப்பு பிராண்டுக்கும் உண்டு. சங்கங்கள் நிஜமாகவே நடுவர் மன்றம் போயின, ஒரு பிராண்ட் 2018 இல் 23 லட்சம் டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது. வாங்குபவரையும் கட்டும் ஒப்பந்தம் இப்படித்தான் இருக்கும். என்னைக் கேட்டால், விலையை இந்த வருடமும் 5 சதவீதம் குறை என்று ஒரு மெயிலும், ஓவர்டைம் கூடாது என்று இன்னொரு மெயிலும் அனுப்பும் வாங்குபவரின் நடத்தை விதிகள் வெறும் தற்காப்புக் காகிதம்.

சட்டங்களும் இப்போது அந்தப் பக்கம் நகர்கின்றன. சப்ளையர்களிடம் மனித உரிமை மீறல் இருக்கிறதா என்று பெரிய நிறுவனங்களைக் கவனிக்கச் சொல்லும் ஜெர்மனியின் சப்ளை செயின் சட்டம் 2023 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. கடமையைச் சும்மா சப்ளையரிடம் தள்ளிவிட்டு, எல்லாம் சரியாக இருக்கிறது என்று ஒரு பொத்தாம்பொதுவான உறுதிமொழி வாங்கிவைத்தால் போதாது என்று அதை அமல்படுத்தும் பாஃபா அமைப்பே விளக்கம் வெளியிட்டது. சப்ளையராக இருப்பவர்களுக்கு அந்த விளக்கம் பேரம் பேச நல்ல ஆயுதம்.

படி 8: ஒப்பந்தத்தால் தாண்ட முடியாத வேலி

சில நிறுவனங்கள் சட்டத்துக்குக் கட்டுப்பட ஒப்பந்தம் எழுதாமல், சட்டத்துக்கு வெளியே போக எழுதுகின்றன. தொழிலாளியைப் "பார்ட்னர்" என்று எழுதுவது எல்லோருக்கும் தெரிந்த வித்தை. பிரிட்டன் உச்ச நீதிமன்றம் 2021 பிப்ரவரியில் ஊபர் ஓட்டுநர்கள் வழக்கில் இதைக் கிழித்துப் போட்டது. கட்டணத்தை யார் தீர்மானிக்கிறார்கள், ஓட்டுநரை யார் கட்டுப்படுத்துகிறார்கள் என்று பார்த்து, ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும் அவர்கள் தொழிலாளர்களே, குறைந்தபட்சக் கூலியும் விடுமுறைச் சம்பளமும் உண்டு என்றது. இந்தியாவின் 2006 ஆம் ஆண்டு சிறுதொழில் சட்டமும் வேறொரு விதத்தில் வேலி போடுகிறது. பதிவு செய்த குறு, சிறு சப்ளையருக்கு 90 நாளில் பணம் தருவேன் என்று எழுதிக் கையெழுத்தே வாங்கியிருந்தாலும் 45 நாளுக்கு மேல் செல்லாது, தாமதித்தால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கில் கூட்டு வட்டி. ஒரு ஷரத்து ரொம்பப் புத்திசாலித்தனமாகத் தெரிந்தால், காகிதத்தை மூடிவிட்டு நிஜத்தில் என்ன நடக்கிறது என்று மட்டும் பாருங்கள். நீதிபதியும் அதைத்தான் பார்ப்பார்.

படி 9: நீங்கள் சின்னவர் என்றால்

"எங்கள் டெம்ப்ளேட்டை மாற்ற மாட்டோம்" என்பார்கள். மாற்றுவார்கள், கேட்கும் விதத்தில் கேட்டால். பத்து ஷரத்தில் சிவப்பு மையைக் கொட்டாமல் இந்த நான்கைந்தில் மட்டும் நில்லுங்கள்.

முதலில் "அவ்வப்போது திருத்தப்படும்" நடத்தை விதிகள். ஒப்பந்தத்தில் ஒரு இணைய முகவரி மட்டும் இருக்கும், அங்கே நாளை அவர்கள் எதை ஏற்றினாலும் நீங்கள் கையெழுத்துப் போட்டதாக ஆகிவிடும். இன்ன தேதியிட்ட பதிப்பு என்று எழுதச் சொல்லுங்கள், திருத்தம் வந்தால் 60 நாள் அறிவிப்பும், செலவு கூடினால் விலை பேசும் உரிமையும் கேளுங்கள். அடுத்தது, உங்கள் சப்ளையரின் சப்ளையர் வரை எல்லாம் சுத்தம் என்ற உத்தரவாதம். அதை "எங்களுக்குத் தெரிந்தவரையில், இணைப்பில் சொன்ன விசாரணைகளைச் செய்தபின்" என்று சுருக்குங்கள். "பொருந்தக்கூடிய சட்டங்கள்" என்பதை உங்கள் தொழிலுக்குப் பொருந்தும் சட்டங்கள் என்று ஆக்குங்கள், வாங்குபவருக்கு மட்டுமே பொருந்தும் சட்டத்தை நீங்கள் ஏன் படித்துக்கொண்டிருக்க வேண்டும், அதில் என்ன வேண்டுமோ அதை அவர் வேலையாக எழுதிக் கொடுக்கட்டும். ஆடிட் என்றால் ஆண்டுக்கு ஒரு முறை, பத்து வேலை நாள் முன்னறிவிப்பு, செலவு அவர்களுடையது, பெரிய குறை கண்டுபிடித்தால் மட்டும் உங்களுடையது. தகவல் பாதுகாப்பை வெளியாள் சோதித்துத் தரும் ஐஎஸ்ஓ 27001 சான்றிதழோ சாக் 2 அறிக்கையோ இருந்தால் அதையே முதலில் ஏற்கச் சொல்லுங்கள், வாடிக்கையாளர் ஒவ்வொருவரும் தனித்தனியாக ஆள் அனுப்பினால் வேலை ஓடாது. ரெகுலேட்டரே வந்து பார்க்கும் உரிமையை மட்டும் தடுக்கப் பார்க்காதீர்கள், டோரா மாதிரியான சட்டங்களில் முக்கியமான சேவைகளுக்கு அது கட்டாயம்.

பதில் மெயிலில் ஒவ்வொரு திருத்தத்துக்கும் ஒரு வரிக் காரணம் போடுங்கள். அந்தப் பக்கம் படிப்பவர் பெரும்பாலும் பர்ச்சேஸ் ஆள், அவர் அதை அப்படியே தன் வக்கீலுக்கு ஃபார்வர்டு செய்வார். காரணம் இல்லாத திருத்தம் அங்கேயே நின்றுவிடும்.

படி 10: கையெழுத்துக்குப் பிறகு

ஒப்பந்தத்தை டிராயரில் வைப்பதற்கு முன் ஒரு எக்செல் ஷீட். ஷரத்து எண், என்ன செய்ய வேண்டும், எப்போது, யார் பொறுப்பு, ஆதாரம் எந்த ஃபோல்டரில். படி 2 இல் பென்சிலில் "செய்", "சொல்", "காட்டு" என்று குறித்தீர்களே, அவை எல்லாம் இதில் ஆளுக்கொரு வரியாக வரும். 24 மணி நேரத் தகவல் ஷரத்து என்றால் ஐடி ஆளுக்கு அது தெரிந்திருக்க வேண்டும், சட்டப் பிரிவுக்கு மட்டும் தெரிந்து பயனில்லை. வாங்குபவர் பக்கம் என்றால் சப்ளையரிடம் கேட்டு வாங்கிய சான்றிதழ்களை யாராவது திறந்து படிக்க வேண்டும். "உங்களிடம் இந்தக் காகிதம் இருந்ததே, இதில் குறை எழுதியிருக்கிறதே" என்று ரெகுலேட்டர் கேட்டால், வாங்காமலே இருந்திருந்தால் எப்படியோ அதைவிட மோசம்.

ஒப்பந்தம் முடியும் நாளுக்கும் வரிகள் போட்டு வையுங்கள்: தரவை அழித்ததற்குச் சான்று, துணை வெண்டார்களிடமிருந்தும் அதே சான்று, சட்டம் வைத்திருக்கச் சொல்லும் ஆவணங்கள் யாரிடம் எத்தனை வருடம், ஒப்பந்தம் முடிந்தபின்னும் உயிரோடிருக்கும் ஷரத்துகள் எவை. கடைசியாகச் சொன்னதற்கு ஒப்பந்தத்தில் தனியாக ஒரு ஷரத்து இருக்கும், வழக்கமாகக் கடைசிப் பக்கத்துக்கு முந்தைய பக்கத்தில், யாரும் படிக்காத இடத்தில். அதையும் ஷீட்டில் ஏற்றிவிட்டு அப்புறம் டிராயரை மூடலாம்.